கடைமடைக்கும் வரவேண்டிய பாடம்: இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு எந்தப் பாடம், எந்த அலகு, எந்த வகை ஆய்வுத் திட்டம் என்று முடிவு செய்யும் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு, அத்தகைய கல்லூரி ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் அணுக்கரு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் எழுதும் மடல் இது. தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப்போவதை வழிகாட்டி ஆசிரியர்களும், வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர்களும், பிள்ளைகளை இயற்பியல் படிக்க அனுப்பும் பெற்றோரும் காதில் வாங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேட்பது இதுதான். இயற்கையில் நிலைத்து நிற்காமல், ஆய்வகத்தில் சில மில்லி விநாடிகள் மட்டும் தோன்றி மறையும் அரிய அணுக்கருக்களைப் பற்றிய கோட்பாட்டு ஆய்வை நம் முதுகலைப் பாடத்தில் ஒரு முழு அலகாகச் சேருங்கள். அத்துறையில் ஒரு மாணவர் செய்யும் கணக்கீட்டைக் கருவி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் தள்ளிவிட முடியாதபடி ஆய்வுத் திட்ட விதியைத் திருத்துங்கள்.

இப்போதைய பாடம் எங்கே நின்றுவிடுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஆல்ஃபா துகளை அணுக்கரு உமிழும் ஆல்ஃபா சிதைவுக்கு 1928இல் கேமோவ் தந்த விளக்கம், 1935இல் வைசெக்கர் எழுதிய பிணைப்பு ஆற்றல் சமன்பாடு, 1949இல் மரியா மேயரும் யென்சனும் தனித்தனியே கண்டடைந்த கூடு மாதிரி, அது விளக்கிய, புரோட்டானோ நியூட்ரானோ அந்த எண்ணிக்கையில் இருந்தால் அணுக்கருவுக்குத் தனி உறுதி தரும் 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்கள் ஆகியவற்றை நடத்துகிறோம். இவை பழையவை என்று நான் குறை சொல்லவில்லை. இவை இல்லாமல் அடுத்த அடியை எடுத்து வைக்க முடியாது. மாய எண்களை மாறாத விதிபோலச் சொல்லிக்கொடுத்து, அந்த எண்ணத்தோடேயே மாணவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்பதுதான் குறை. அவை மாறும் என்பதே கடந்த ஐம்பது ஆண்டுகளில் இத்துறை கண்ட மிகப் பெரிய செய்தி. சோடியத்தின் நியூட்ரான் மிகுந்த ஐசோடோப்புகளின், அதாவது நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் வடிவங்களின், நிறையை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அளந்து 1975இல் வெளியிட்டபோதே, 20 என்ற எண்ணின் மாயம் அந்தப் பகுதியில் கலைந்துபோயிருப்பது தெரியவந்தது. 2013இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கால்சியம்-54 அணுக்கருவை ஆராய்ந்தபோது, நாம் மனப்பாடம் செய்த வரிசையில் எங்குமே இல்லாத 34 என்ற நியூட்ரான் எண்ணிக்கை மாய எண்ணைப்போல நடந்துகொண்டது. நம் மாணவர்கள் இந்த இரண்டு வரிகளையும் கேள்விப்படாமலேயே பட்டம் வாங்கிப் போகிறார்கள்.

நிலைத்து நிற்கும் அணுக்கருக்கள் சுமார் 250. இதுவரை ஆய்வகங்களில் காணப்பட்டவை மூவாயிரத்துக்கும் மேல். இருக்கக்கூடும் என்று கோட்பாடு சொல்பவையோ ஏறத்தாழ ஏழாயிரம். 2012இல் வெளியான விரிவான கணக்கீடு ஒன்று 6,900 என்றும், அதில் 500 முன்பின் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. அதாவது, இருக்கக்கூடிய அணுக்கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இன்னும் எந்த மனிதரும் பார்த்ததில்லை. அவற்றைப் பற்றி இப்போதைக்கு நமக்குத் தெரிவதெல்லாம் கணக்கின் வழியாகத் தெரிவதுதான்.

நிறைந்த வயலுக்கு மேலும் தண்ணீர் பாய்ச்சினால் அது வரப்பைத் தாண்டி வழிந்துவிடும் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அணுக்கருவில் நியூட்ரான்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் அப்படி ஓர் எல்லை வரும். அதற்கு மேல் வைக்கும் நியூட்ரான் ஒட்டாது. இதைத்தான் டிரிப் லைன் என்கிறார்கள். நான் வகுப்பில் வழிவெல்லை என்று சொல்லிவந்தேன். பெயர் பெற்றுள்ள 118 தனிமங்களில் நியூட்ரான் வழிவெல்லை சோதனையால் உறுதியாகியிருப்பது ஹைட்ரஜன் முதல் நியான் வரையான பத்துக்கு மட்டுமே. அந்தப் பத்தில் கடைசி இரண்டான ஃபுளோரினுக்கும் நியானுக்கும் அது உறுதியானது 2019இல்தான்.

அந்தப் பத்துக்குள்ளேயே ஒரு பெரிய புதிர் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும் என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆக்சிஜன் அதிகபட்சம் 16 நியூட்ரான்களைத் தாங்கும். அடுத்த தனிமமான ஃபுளோரினில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு புரோட்டான். ஆனால் அது 22 நியூட்ரான்களைத் தாங்குகிறது. ஒற்றைப் புரோட்டான் வந்ததும் மேலும் ஆறு நியூட்ரான்கள் ஒட்டிக்கொள்வது எப்படி? துகள்களுக்கு இடையே இரண்டிரண்டாக இயங்கும் விசையை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது ஆக்சிஜனின் எல்லை வெகுதூரம் நீண்டு தவறான இடத்தில் போய் நின்றது. மூன்று துகள்கள் ஒருசேர இருக்கும்போது மட்டும் எழும் விசையையும் சேர்த்துக்கொண்டால்தான் எல்லை 16இல் நிற்கும் என்று 2010இல் ஒட்சுகாவும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். பிறகு 2023இல், 8 புரோட்டான்களும் 20 நியூட்ரான்களும் கொண்ட ஆக்சிஜன்-28 ரிக்கெனில் முதன்முறையாக உருவாக்கப்பட்ட செய்தி வெளியானது. இரண்டுமே மாய எண்கள். நம் பாடப்புத்தகத்தின்படி அது மிக உறுதியாக இருந்திருக்க வேண்டும். அதுவோ பிறந்த கணத்திலேயே நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டு ஆக்சிஜன்-24 ஆகிவிட்டது. பாடப்புத்தகத்தின் விதி எந்த இடத்தில் உடைகிறது என்பதை விதி படிக்கும் வயதிலேயே ஒரு மாணவர் பார்த்துவிட்டால், இயற்பியல் முடிந்துபோன பாடம் என்ற எண்ணம் அவருக்கு ஒருநாளும் வராது.

லித்தியம்-11ஐயும் குறிப்பிட வேண்டும். மூன்று புரோட்டான்களும் எட்டு நியூட்ரான்களும் கொண்ட இந்த அணுக்கருவின் அரை ஆயுள் (பாதி அணுக்கருக்கள் சிதைய ஆகும் நேரம்) சுமார் 9 மில்லி விநாடி. 1985இல் தனிஹாட்டாவும் குழுவினரும் அமெரிக்காவின் பெர்க்லியில் செய்த அளவீடு, இதன் ஆரம் அருகிலுள்ள மற்ற லித்தியம் அணுக்கருக்களைவிட வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. கடைசி இரண்டு நியூட்ரான்கள் மிகத் தளர்வாகப் பிணைந்து, நடுவிலுள்ள கருவைச் சுற்றி ஒளிவட்டம்போல வெகுதூரம் பரவியிருக்கின்றன. அந்தப் பரவலின் அகலம் 208 துகள்கள் கொண்ட காரீய அணுக்கருவோடு ஒப்பிடத்தக்கது. அந்த இரண்டு நியூட்ரான்களையும் பிரித்தெடுக்க 0.4 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைவான ஆற்றல் போதும். சாதாரண அணுக்கருவில் ஒரே ஒரு துகளைப் பெயர்க்கவே அதைப்போல இருபது மடங்கு தேவைப்படும். இன்னொன்று: லித்தியம்-10 தானாக நிற்காது, இரண்டு நியூட்ரான்கள் மட்டும் சேர்ந்த ஜோடியும் நிற்காது, ஆனால் நடுக்கருவும் இரண்டு நியூட்ரான்களும் மூவருமாகச் சேர்ந்தால் நிற்கும். கட்டிவைக்காத மூன்று கழிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதை வயல்வெளியில் பார்த்திருப்பீர்கள். ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டும் விழும். மூன்று பொருள்களின் குவாண்டம் சிக்கலை மாணவருக்கு அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

இவற்றை உருவாக்கும் கூடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஜப்பானின் வாக்கோ நகரில் ரிக்கென், அமெரிக்காவின் மிச்சிகனில் 2022இல் இயங்கத் தொடங்கிய அரிய ஐசோடோப்புக் கூடம், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இந்தியாவும் நிறுவன உறுப்பினராக இருந்து எழுப்பப்படும் ஃபேர், நம் நாட்டில் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம். இவை டெல்டாவுக்கு வரப்போவதில்லை. வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் இத்துறையின் மறுபாதியான கோட்பாடு எந்த ஊருக்கும் வரக்கூடியது. அதற்குத் தாளும் பேனாவும், ஒரு சாதாரணக் கணினியும், அளவீட்டுத் தரவும், சொல்லித்தர ஓர் ஆசிரியரும் போதும். தரவு இப்போது பொதுச்சொத்து. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உள்ள தேசிய அணுக்கருத் தரவு மையம், அறியப்பட்ட அணுக்கருக்கள் அனைத்தின் அரை ஆயுளையும் ஆற்றல் மட்டங்களையும் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. அணு நிறைகளின் மதிப்பீட்டு அட்டவணை 2020ஆம் ஆண்டுப் பதிப்பு வரை இணையத்தில் கிடைக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் அச்சாகும் முன்பே ஆர்க்கைவ் தளத்தில் யாரும் படிக்கலாம். டேலிஸ் போன்ற அணுக்கரு வினை நிரல்களுக்கும் விலையில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று ஆண்டுதோறும் ஏங்கும் மண் இது. இந்தத் தண்ணீர் நம் வாசலுக்கே வந்துவிட்டது, மதகைத் திறப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

இந்த மண்ணுக்கும் இத்துறைக்கும் ஏற்கெனவே ஓர் உறவு உண்டு. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், ஒரு முழு எண்ணைச் சிறிய முழு எண்களின் கூட்டலாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வழிகளில் எழுதலாம். பத்தை 42 வழிகளில் எழுதலாம். நூறை எழுத 19,05,69,292 வழிகள் உண்டு. எண் பெரிதாகும்போது இந்த எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்பதற்கு 1918இல் அவரும் ஹார்டியும் ஒரு சூத்திரம் தந்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து இதே கேள்வி அணுக்கரு இயற்பியலில் வந்து நின்றது. ஓர் அணுக்கருவுக்கு ஆற்றல் கொடுத்தால், அது உள்ளே இருக்கும் துகள்களிடையே எத்தனை விதமாகப் பங்கிடப்படலாம்? ஆற்றல் படிகள் சம இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது அப்படியே எண்ணைப் பிரித்து எழுதும் கணக்குதான். 1936இல் ஹான்ஸ் பெத்தே இந்த எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் எழுதினார். 1937இல் நீல்ஸ் போரும் ஃபிரிட்ஸ் கால்கரும் வெளியிட்ட கட்டுரையில் ஹார்டி-ராமானுஜன் சூத்திரத்தையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஆற்றலின் வர்க்கமூலம் அடுக்கில் ஏறி நிற்கும் அந்த வளர்ச்சி இரண்டு இடத்திலும் ஒன்றே. இன்று யாரும் அளந்திராத ஓர் அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு வேகமாக விழுங்கும் என்று கணிக்க வேண்டுமானால், ஆற்றல் மட்ட அடர்த்தி என்ற இந்த எண்ணிக்கை இல்லாமல் முடியாது. கும்பகோணத்தில் படிக்கும் பிள்ளைக்கு அவர் ஊர்க் கணிதம் அணுக்கருவுக்குள் வேலை செய்வதை நாம் இதுவரை சொன்னதே இல்லை. ராமானுஜன் பிறந்தநாளுக்கு மாலை போடுகிறோம். பாடத்தில் அவரை வைப்பதில்லை.

அப்படி நியூட்ரானை விழுங்கும் வேகம் எங்கே தேவைப்படுகிறது என்று கேட்டால், கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வரை வந்து பார்க்கலாம். அங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, உலோகத்தை வார்க்கும்போது சிறிதளவு பொன்னும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். அந்தப் பொன் எங்கே உண்டானது? விண்மீன்களின் உட்பகுதியில் சாதாரணமாக நடக்கும் இணைவு இரும்புக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. பொன், பிளாட்டினம், யுரேனியம் போன்றவற்றின் பெரும்பகுதி, நியூட்ரான் வெள்ளமாகப் பாயும் இடத்தில், ஓர் அணுக்கரு சிதைவதற்கு நேரம் கிடைக்கும் முன்பே அடுத்த நியூட்ரானை விழுங்கி, வழிவெல்லையின் பக்கம்வரை ஓடி, பிறகு படிப்படியாகச் சிதைந்து நிலைபெறும் வழியில் உண்டாகிறது. 1957இல் பர்பிட்ஜ் தம்பதியரும் ஃபவுலரும் ஹாய்லும் இந்த வழியைக் கோட்பாடாக எழுதினார்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை பதிவாகி, அதைத் தொடர்ந்து அங்கே எழுந்த ஒளியையும் தொலைநோக்கிகள் பார்த்தன. புதிதாக உண்டான கதிரியக்க அணுக்கருக்கள் சிதையும் வெப்பமே அந்த ஒளியைக் கொடுத்தது. அதன் நிறமாலையில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடயத்தை 2019இல் அடையாளம் கண்டார்கள். அந்த வெள்ளத்தில் கணநேரம் வாழ்ந்த அணுக்கருக்களில் மிகப் பலவற்றை எந்த ஆய்வகமும் இன்னும் உருவாக்கியதில்லை. அவற்றின் நிறையையும் ஆயுளையும் கோட்பாட்டிலிருந்து எடுத்துத்தான், எவ்வளவு பொன் விளையும் என்று கணக்கிடுகிறார்கள்.

கோட்பாடு என்றால் மற்றவர் கண்டதற்குப் பின்னால் விளக்கம் எழுதுவது என்று சொல்லும் நண்பர்கள் உங்கள் குழுவிலும் இருக்கலாம். அவர்களுக்கு ரேடியம்-223இன் கதையை நினைவூட்டுகிறேன். அணுக்கரு ஆல்ஃபா துகளைவிடக் கனமான கொத்தையும் உமிழ முடியும் என்று 1980இல் சந்துலெஸ்கு, போயனாரு, கிரைனர் ஆகிய மூவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ், ஜோன்ஸ் என்ற இருவர், ரேடியம்-223 கார்பன்-14ஐ உமிழ்வதை வெளியிட்டார்கள். ஏறத்தாழ நூறு கோடி ஆல்ஃபாவுக்கு ஒன்று என்ற அளவில் நடக்கும் அந்த நிகழ்வில் அவர்களுக்குக் கிடைத்தவை வெறும் 11. எதைத் தேட வேண்டும் என்று காகிதத்தில் எழுதப்பட்ட பிறகு வந்த அளவீடு அது. இந்தத் துறையில் சண்டிகரில் மாலிக்கும் குப்தாவும் 1989இல் வெளியிட்ட மாதிரியை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நம் பக்கத்துக்கு இது அந்நியமான வேலை ஒன்றும் இல்லை.

இப்போது, இந்த மடலை எழுதத் தூண்டிய நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அப்போது என்னிடம் ஆய்வுத் திட்டத்துக்குப் பதிவு செய்திருந்த மாணவி ஒருவர் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. வீட்டுக் கூரை போய், வாரக்கணக்கில் மின்சாரமும் இல்லை. கல்லூரிக்கு வந்து கணினியில் உட்கார வழியில்லாத அந்த நாள்களில், ஆல்ஃபா துகள் அணுக்கருவைச் சூழ்ந்த ஆற்றல் தடையை ஊடுருவும் கணக்கை அவர் நோட்டுப் புத்தகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். தடையை இருபது துண்டுகளாக வெட்டி, சிம்சன் விதிப்படி, ஒரு சாதாரணக் கால்குலேட்டரால் தொகையிட்டார். தோரியம்-232 வெளியிடும் ஆல்ஃபாவின் ஆற்றல் சுமார் 4 மெகா எலக்ட்ரான்வோல்ட். அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. பொலோனியம்-212இன் ஆல்ஃபாவுக்கு 8.8; அதன் அரை ஆயுள் ஒரு மைக்ரோ விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆற்றல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கூடினால், ஆயுள் 24 தசம இடங்கள் சரிகிறது. அந்தச் சரிவு தன் கையெழுத்தில் வந்து விழுந்ததைக் காட்ட அவர் பேருந்து ஏறி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு அவர் அதே கணக்கைப் புரோட்டானை உமிழும் அணுக்கருக்களுக்குக் கொண்டுபோனார். 1981இல் டார்ம்ஸ்டாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட லுட்டீஷியம்-151க்கு அளக்கப்பட்ட அரை ஆயுள் சுமார் 80 மில்லி விநாடி. அவர் கணக்கோ முதலில் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவாக வந்தது. இரண்டு வாரம் பிழை தேடினோம். கூட்டலில் பிழை இல்லை. புரோட்டான் சுற்றிக்கொண்டு வெளியேறுவதால் எழும் மையவிலக்குத் தடையைச் சேர்த்து, கோண உந்தம் 5 என்று வைத்த பிறகுதான் விடை அளவீட்டின் பக்கம் வந்தது. வெளியேறிய புரோட்டான் முன்பு எந்தச் சுற்றுப்பாதையில் குடியிருந்தது என்பதை அது போன நேரத்தை வைத்தே அறிந்துகொண்டோம். ஆய்வுலகம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அறிந்த செய்திதான் என்றாலும், அந்தப் பெண் அதைத் தானே கண்டடைந்தார். முதுகலை ஆய்வுத் திட்டத்தின் நோக்கம் வேறு என்னவாக இருக்க முடியும்?

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “சாம்பிள் எங்கே, எந்தக் கருவியில் எடுத்தது?” என்று கேட்டார். இது கோட்பாட்டு ஆய்வு என்று சொன்னதும், விதியில் சோதனைப் பகுதி வேண்டும் என்று இருப்பதைச் சுட்டிக்காட்டி, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் தேர்ச்சிக்கு மட்டும் போதுமான மதிப்பெண் போட்டார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த விதி அப்படி எழுதப்பட்டிருந்தது. அந்த மாணவி ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

அதே விதியின் மறுபக்கத்தையும் பாருங்கள். கருவி வேண்டும் என்பதால் பெரும்பாலான மாணவர்கள் ஏதாவது ஒரு நானோ துகளைத் தயாரித்து, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக்கும் மின்னணு நுண்ணோக்கிக்கும் வெளியூர் நிறுவனங்களுக்குக் காசு கட்டிச் சாம்பிள் அனுப்பி, வந்த வரைபடத்தை ஒட்டி ஆய்வேடு கட்டுகிறார்கள். அக்கறையோடு அந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரிடமிருந்து அந்தத் தொகையை வாங்கி, மாணவர் தொட்டுக்கூடப் பார்க்காத கருவியின் படத்தை ஆய்வு என்றும், அவர் தன் கையால் போட்டு முடித்த கணக்கை ஆய்வு இல்லை என்றும் ஒரு விதி சொல்லுமானால், அந்த விதி தவறு.

கோட்பாட்டு ஆய்விலும் கெட்ட பழக்கங்கள் உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களிடம் இதைக் கேட்பது நேர்மையாகாது. ஒரு சூத்திரத்தில் நான்கு மாறிலிகளைத் திருகி, அறிந்த தரவோடு பொருத்திவிட்டு, யாரும் சரிபார்க்க முடியாத அணுக்கருக்களுக்கு நூறு பக்க அட்டவணை வெளியிடுவது எளிது. புகழ்பெற்ற நிறை மாதிரிகள் பல, அளக்கப்பட்ட நிறைகளோடு சராசரியாக அரை மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலேயே வேறுபடுகின்றன. ஆனால் வழிவெல்லையை நெருங்க நெருங்க அவை ஒன்றுக்கொன்று பல மடங்கு விலகிவிடுகின்றன. ஆகவே மாணவருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, தன் கணிப்பு எந்த அளவுக்குத் தவறாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம். அறிந்த அணுக்கருக்களில் சிலவற்றை மறைத்துவைத்து, மற்றவற்றால் மாதிரியைப் பொருத்தி, மறைத்ததைக் கணிக்கச் சொல்லிச் சோதிக்கலாம். இதை மதிப்பீட்டு விதியிலேயே எழுதுங்கள். அட்டவணையின் நீளத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். பிழையை மதிப்பிட்டதற்குக் கொடுங்கள்.

பாடத்தில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். இளநிலையில் நடத்திய அணு உலைப் பகுதிகளையே முதுகலையிலும் ஏறத்தாழ அதே வரிகளில் திரும்ப நடத்துகிறோம். அந்த நேரம் இதற்குப் போதும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட், செட் தேர்வுகளுக்கு உதவாது என்பது அடுத்த தடையாக வரும். அத்தேர்வுகள் கேட்கும் பிணைப்பு ஆற்றலும் கூடு மாதிரியும்தான் இந்த அலகின் அடித்தளம். அவை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அறிந்தவர் அந்தக் கேள்விகளுக்கு இன்னும் தெளிவாகவே விடை எழுதுவார். விவசாயம் செய்யும் மண்ணுக்கு இதனால் என்ன பயன் என்றும் ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். மருத்துவமனைகளில் பயன்படும் டெக்னீஷியம் போன்ற குறைந்த ஆயுள் ஐசோடோப்புகளைக் காட்டி நான் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் பேசும் அணுக்கருக்கள் அவை அல்ல என்பதால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாம் கழுத்தில் போடும் பொன் எப்படி உண்டானது என்று அறிய விரும்பும் உரிமை, நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு என்றுதான் அன்று சொன்னேன்.

பாடம் சேர்த்தால் மட்டும் போதாது, நடத்துபவர்களுக்கும் துணை வேண்டும். 1962இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை தரமணியில் இயங்கிவரும் கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாரம் பயிலரங்கு நடத்தித் தருமாறு குழு முறைப்படி எழுதிக் கேட்கலாம். தமிழ்வழியில் இளநிலை முடித்து வரும் மாணவர்களுக்காக, இந்த அலகுக்கான கலைச்சொற்களைத் தமிழிலும் தாருங்கள். வழிவெல்லை என்றாலே கரும்பலகைக்கு முன்னால் பாதிப் பாடம் புரிந்துவிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நான் வகுப்புக்காகத் தமிழில் எழுதிவைத்த குறிப்புகள் மூன்று நோட்டுப் புத்தகங்களாக இருக்கின்றன. ஆக்சிஜன், லித்தியம்-11, ஆற்றல் மட்ட அடர்த்தி, ஊடுருவல் கணக்கு எல்லாம் அவற்றில் தீர்வுகளோடு உண்டு. குழு விரும்பினால் நகலெடுத்து அனுப்புகிறேன். நேரில் விளக்க வேண்டுமானால் கூட்டம் நடக்கும் ஊருக்குப் பேருந்து ஏறி வந்துவிடுகிறேன். நான்காம் பருவத்துக்கான ஆய்வுத் தலைப்புகளை டிசம்பரில் பதிவு செய்கிறார்கள். பாடத்திட்டம் முழுவதையும் மாற்ற ஓராண்டு ஆகும் என்றால் அது ஆகட்டும். ஆய்வுத் திட்ட விதியில் “சோதனைப் பகுதி” என்று இருக்கும் இடத்தில் “சோதனை அல்லது கணக்கீட்டுப் பகுதி” என்று மாற்றும் ஒரு வரித் தீர்மானத்தையாவது அதற்கு முன் நிறைவேற்றித் தாருங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருவையாறு